முட்டைக் கோதில் அளந்த எண்ணெய்

முட்டையின் கூர்முனையை மெல்லத் தட்டித் திறந்து, உள்ளிருப்பதைப் பிள்ளையின் வாயில் ஊற்றிவிட்டு, வெறுங்கோதை நல்லெண்ணெயால் நிரப்புவார்கள். முட்டை போன வழியே எண்ணெயும் போகவேண்டும். சாமத்தியப்பட்ட பெண்பிள்ளைக்கு யாழ்ப்பாணத்து வீடுகளில் காலை வெறுவயிற்றில் நடந்த இந்த வைத்தியம் ரயிலேறி வெள்ளவத்தைக்கு வந்து, இன்று தொடர்மாடியின் ஆறாம் தட்டிலும் எட்டாம் தட்டிலும் நடக்கிறது. பிள்ளை மூக்கைப் பொத்திக்கொள்ளும். "கண்ணை மூடிக்கொண்டு விழுங்கு மோனை, இடுப்புக்குப் பலம்" என்பார் அம்மம்மா. குசினியில் உழுத்தங்களி கிளறப்படும். அதற்கும் நல்லெண்ணெய்தான்.

அதே வீட்டின் சாப்பாட்டு மேசையில், நீரிழிவுக் குளிசைக்கும் பிரஷர்க் குளிசைக்கும் நடுவே, ஒரு பெரிய பிளாஸ்டிக் போத்தல் நிற்கும். ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ மகள் வந்தபோது கொண்டுவந்தது. விற்றமின் ஈ, 400 அலகு. நல்லெண்ணெயில் விற்றமின் ஈ இருக்கிறது என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். குளிசையிலும் அதுதான் இருக்கிறது. பிறகேன் பிள்ளையைப் போட்டு வதைக்கவேண்டும், ஒரு குளிசையைக் கொடுத்தால் முடிந்ததே என்று கேட்கும் தாய்மாரும் உண்டு. கேள்வி நியாயமானது. பெயர் ஒன்றுதான். ஆனால் இரத்தத்துக்குள் போனபின் இரண்டும் ஒன்றாக நிற்பதில்லை. குளிசையில் வருவது, எண்ணெயில் வருவதை வெளியே தள்ளிவிடுகிறது.

இந்தப் பெயர்க் குழப்பத்துக்கு ஒரு நூற்றாண்டு வயது. அதில் எலிகள் வருகின்றன, கனடாக்காரச் சகோதரர்கள் வருகிறார்கள், யாழ்தேவி ரயில் வருகிறது, கொழும்பு ஆய்வகம் ஒன்றும் வருகிறது.

முதலில் எண்ணெய். இலங்கை தேங்காயெண்ணெய் நாடு. கொழும்பில் புதுக்கடைப் பக்கம் பிரிட்டிஷ் சிலோன் கோப்பரேஷனின் பெரிய ஆலை தேங்காயெண்ணெய் பிழிந்து கப்பலேற்றியது. பொரிப்பதற்கும் தலைக்கு வைப்பதற்கும் விளக்குக்கும் நகரம் முழுக்க அந்த மணம்தான். ஆனால் விற்றமின் ஈ என்ற கணக்கில் பார்த்தால் தேங்காயெண்ணெய் வெறும் கை. 100 கிராமில் 0.1 மில்லிகிராம் அளவுதான் தேறும். சூரியகாந்தி எண்ணெயில் அது 40 மில்லிகிராமுக்கு மேல். தேங்காயெண்ணெய் எளிதில் காறல் பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் விற்றமின் அல்ல. அதன் கொழுப்பு பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு, ஒட்சிசன் வந்து கடிப்பதற்கு அதில் இடம் குறைவு.

எள்ளு வேறு சாதி. வறண்ட மண்ணின் பயிர். வன்னியிலும் அநுராதபுரப் பக்கத்திலும் விளைந்து, யாழ்ப்பாணத்துச் செக்குகளில் நல்லெண்ணெயாக வழிந்து, கத்தரிக்காய்க் குழம்பிலும் எள்ளுப்பாகிலும் சனிக்கிழமைத் தோய்ச்சலிலும் போய்ச் சேர்ந்தது. புரட்டாதிச் சனிக்குச் சிவன் கோயிலில் எரிக்கும் எள்ளெண்ணெய் வேறு. கொழும்பில் உத்தியோகம் பார்க்க வந்தவர்கள் இதை விட்டுவிட்டு வரவில்லை. 1905-இல் வடக்கு ரயில்பாதை காங்கேசன்துறை வரை முழுமையாகத் திறந்தபோது, கிளாக்கர்மாரும் அவர்களுடைய சாப்பாடும் ஒரே வண்டியில் தெற்கே வந்தன. கரையோர ரயில் ஓடிய, மணல் தோட்டம் என்று சிங்களத்தில் பொருள்படும் வெள்ளவத்தையில் வீடெடுத்து இருந்தவர்களுக்கு ஊரிலிருந்து வரும் பொதியில் ஒடியல், புழுக்கொடியல், மோர்மிளகாயோடு துணி சுற்றிய ஒரு போத்தலும் இருக்கும். 1956-இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியபின் இந்தப் பொதிப் போக்குவரத்துக்கு நேரசூசியே வந்துவிட்டது.

கொட்டாஞ்சேனையின் கதை சற்று வேறு. அது துறைமுகத்தை ஒட்டிய ஊர். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கும் பொன்னம்பலவாணேஸ்வரத்துக்கும் நடுவே வாழ்ந்த தமிழர்களில் பலருக்கு வேர் வடக்கில் அல்ல, பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம். தூத்துக்குடியிலிருந்து தோணி வந்துகொண்டிருந்த காலம் அது. மளிகைக்குப் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்கள், மருந்துச் சரக்குக்குக் கபோஸ் லேன். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கு வாங்க கபோஸ் லேனுக்குப் போகிற வழக்கம் இன்றும் விட்டுப்போகவில்லை. அந்தச் சரக்கு அரைத்து வைக்கும் கறியும் நல்லெண்ணெயில்தான் தாளிக்கப்படும். ஊர் எதுவானாலும், வயதுக்கு வந்த பிள்ளைக்கும் பெற்ற வயிற்றுக்கும் எள்ளெண்ணெய் என்பதில் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் சண்டை பிடித்ததில்லை.

இந்த எண்ணெயின் வரத்து அரசியலோடு சேர்ந்து அறுந்தும் ஒட்டியும் வந்தது. 1983 ஜூலையில் காலி வீதியின் தமிழ்க் கடைகள் எரிந்தன. 1990 ஜூனில் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றது. அது மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது 2014 ஒக்ரோபரில். நடுவில் பொருளாதாரத் தடை, பாஸ் எடுத்து வந்த சனம், வெள்ளவத்தை லொட்ஜ்கள். 2002-இல் ஏ9 வீதி திறந்தது, 2006-இல் மூடியது, 2009-இல் மறுபடி திறந்தது. ஊர் எண்ணெய் கிடைக்காத ஆண்டுகளில் வெள்ளவத்தைக் கடைகளில் இந்தியப் போத்தல் நின்றது. மூத்தவர்கள் அதை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்கள், ஆனாலும் வாங்கினார்கள்.

இனி ஆய்வகம். 1900-இல் கொழும்பில் ஒரு பக்றீரியா ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. இன்றைய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் மூலம் அதுதான். இத்தாலியரான அல்டோ கஸ்ரெலானி 1905-இல் பறங்கிப்புண்ணின் கிருமியை இங்கேதான் கண்டார். அவருக்குப் பின் வந்த இயக்குநர்களில் லூசியஸ் நிக்கல்ஸ் கிருமிகளைவிடச் சோற்றுக் கோப்பையைக் கூடுதலாகக் கவனித்தவர். முழங்கையிலும் தொடையிலும் தோலின் மயிர்க்கால்கள் முள்முள்ளாகத் தடித்து நிற்கும் ஒரு நிலையை அவர் 1933-இல் விவரித்து, கிரேக்கத்திலிருந்து ஒரு பெயர் செய்து வைத்தார்: பிரைனோடெர்மா. தமிழில் சொன்னால் தேரைத்தோல். உணவில் விற்றமின் ஏ இல்லாததால் வருகிறது என்பது அவருடைய முடிவு. 1938-இல் அவர் வெளியிட்ட வெப்பமண்டல ஊட்டச்சத்து நூல் குடியேற்ற நாடுகளின் வைத்தியர்களுக்குக் கைநூலாயிற்று.

ஆனால் தேரைத்தோல் அவ்வளவு சுலபமாகப் பிடிபடவில்லை. விற்றமின் ஏ கொடுத்தும் பல பிள்ளைகளுக்கு அது போகவில்லை. இந்திய ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் எண்ணெய் கொடுத்துப் பார்த்தார்கள்; ஆளிவிதை எண்ணெயும் குசும்பா எண்ணெயும் வேலை செய்தன. 1980-இல் ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்திலிருந்து வந்த ஓர் ஆய்வு, விற்றமின் ஈக்கும் பி குழும விற்றமின்களுக்கும் இதில் பங்குண்டு என்று காட்டியது. கொழும்பில் ஒற்றை விற்றமினின் குறைபாடாகப் பெயர் பெற்ற நோய், ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கழித்து, எண்ணெயும் விற்றமின்களும் கூடிச் செய்யும் வேலை என்ற இடத்துக்கு வந்து நின்றது. ஒற்றைப் பெயரை நம்பியதால் வந்த சுணக்கம் என்றும் இதைப் பார்க்கலாம். விற்றமின் ஈயின் கதையிலும் இதே சுணக்கம் வரப்போகிறது.

விற்றமின் ஈ பிறந்தது பெண் எலியின் வயிற்றில். கலிபோர்னியாவின் பேர்க்லியில் ஹேர்பேட் எவன்ஸும் கத்தரின் பிஷப்பும் 1922-இல் எலிகளுக்குப் பன்றிக்கொழுப்பு சேர்ந்த உணவைக் கொடுத்து வளர்த்தார்கள். எலிகள் நன்றாகக் கொழுத்தன, சினைப்பட்டன, ஆனால் குட்டி ஈனவில்லை. கரு உள்ளேயே கரைந்துபோனது. சலாதுக் கீரையோ கோதுமை முளையோ கொடுத்தால் குட்டிகள் பிறந்தன. 1936-இல் எவன்ஸின் குழு கோதுமை முளை எண்ணெயிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தபோது, பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியரிடம் போய்ப் பெயர் கேட்டார்கள். தொக்கோஸ் என்றால் மகப்பேறு, பெரைன் என்றால் சுமத்தல், தொக்கோபெரோல். பிள்ளைப்பேற்றைத் தாங்குவது.

வயதுக்கு வந்த பிள்ளைக்குக் "கருப்பை வலுக்க" என்று நல்லெண்ணெய் கொடுத்த அம்மம்மாவும், பேர்க்லிப் பேராசிரியரும் ஒரே பொருளைத்தான் சுட்டினார்களோ என்று யாருக்கும் ஆசை வரும். அந்த ஆசையை இங்கே அடக்கிக்கொள்வது நல்லது. எலியில் நடந்தது மனிதரில் அப்படியே நடப்பதாக நிறுவப்படவில்லை; சாதாரணமாகச் சாப்பிடும் ஒருவருக்கு விற்றமின் ஈக் குறைபாடு வருவதே அரிது. குறைமாதக் குழந்தைகள், கொழுப்பை உறிஞ்ச முடியாத குடல் நோயுள்ளவர்கள், பிறவிக் குறைபாடு உள்ள மிகச் சிலர் என்று பட்டியல் அங்கேயே முடிந்துவிடும். முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று எழுதுவது சுலபம். அவர்கள் அறிந்திருந்தது, எண்ணெய் விழுங்கிய பிள்ளை சதை பிடிக்கும் என்பதுதான். அதுவே போதுமான அறிவு.

தொக்கோபெரோல் ஒன்றல்ல என்பது விரைவிலேயே தெரிந்தது. அல்பா, பீற்றா, காமா, டெல்ரா என்று நான்கு. அவற்றின் ஒன்றுவிட்ட சகோதரர்களான தொக்கோட்ரையினோல் நான்கு. ஆக எட்டுப்பேர் கொண்ட குடும்பம். இவர்களில் யார் பெரியவர் என்று தீர்மானிக்கப் பழைய பரீட்சையையே வைத்தார்கள்: எந்தத் தொக்கோபெரோல் கொடுத்தால் எலி குட்டி போடுகிறது? அல்பா முதலிடம் பெற்றது. காமாவின் மதிப்பு அதில் பத்திலொரு பங்கு அளவுக்கே வந்தது. சூரிச்சில் போல் கரர் 1938-இல் அல்பாவைச் செயற்கையாகச் செய்து காட்டினார். அன்றிலிருந்து விற்றமின் ஈ என்று போத்தலில் எழுதினால் உள்ளே இருப்பது பெரும்பாலும் அல்பா மட்டும். 2000-இல் அமெரிக்க மருத்துவக் கழகம் நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் என்று தேவையை வரையறுத்தபோதும் அல்பாவையே கணக்கில் எடுத்தது. எலியின் வயிற்றில் நடந்த போட்டியில் தோற்ற காமா, லேபிளில் ஏறவே இல்லை.

நல்லெண்ணெயில் இருப்பதோ அந்தத் தோற்ற காமாதான். 100 கிராம் நல்லெண்ணெயில் அல்பா ஒன்றரை மில்லிகிராம் கூட இல்லை. காமா அதைப்போல் இருபது மடங்கும் அதற்கு மேலும் இருக்கிறது. முட்டைக் கோதில் அளந்து கொடுத்தது, புத்தகக் கணக்கின்படி, விற்றமின் ஈ என்று சொல்லவே தகுதியற்ற எண்ணெய்.

இரத்தத்தில் இவை பயணம் செய்யும் விதத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். விற்றமின் ஈ தண்ணீரில் கரையாது. ஆகவே தனியாக இரத்தத்தில் ஓட முடியாது. கொழுப்பு வண்டியில் ஏறித்தான் போகவேண்டும். குடலில் உறிஞ்சும்போது யாரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அல்பாவும் காமாவும் ஒன்றாகவே ஈரலுக்கு வந்து சேரும். ஈரலில்தான் வாசல்காரன் நிற்கிறான். அல்பாவை மட்டும் இனங்கண்டு பிடிக்கும் ஒரு புரதம் அது. அல்பாவைப் பிடித்து, மறுபடி இரத்தத்துக்குள் புறப்படும் கொழுப்பு வண்டிகளில் ஏற்றிவிடும். காமாவில் பெரும்பகுதிக்கு அந்தச் சலுகை இல்லை. நொதிகள் அதன் வாலை நறுக்க, அது சிறுநீரோடு போய்விடும். ஒரு எல்.டி.எல். துணிக்கையில், பலர் கெட்ட கொலஸ்ரரோல் என்று சொல்லும் அந்த உருண்டையில், கொலஸ்ரரோல் எஸ்ரர் மூலக்கூறுகள் ஏறத்தாழ 1,600 இருக்கும். அவற்றைக் காக்க ஏறியிருக்கும் விற்றமின் ஈ மூலக்கூறுகள் ஆறேழுதான். அவற்றிலும் பெரும்பான்மை அல்பா.

இந்த ஆறேழு காவல்காரர்களின் வேலை, கொழுப்பை ஒட்சிசன் கடிக்கத் தொடங்கும்போது குறுக்கே விழுந்து அந்தக் கடியைத் தாங்கிக்கொள்வது. ஒட்சியேற்ற எதிரி என்ற பட்டம் அதனால்தான். கடிபட்டவர் பிறகு தானே ஒரு சிறு ஆபத்து. விற்றமின் சி போன்ற கூட்டாளி வந்து கைகொடுத்தால்தான் பழைய நிலைக்குத் திரும்புவார். சிட்னியில் ரோலண்ட் ஸ்ரொக்கரும் சகாக்களும் 1990-களின் தொடக்கத்தில் காட்டியது இன்னும் சங்கடமானது: கூட்டாளிகள் இல்லாத இடத்தில், அல்பாவே கொழுப்பு கெடும் தொடர்வினையை முன்னெடுத்துச் செல்லக்கூடும்.

காமாவின் வேலை முழுக்க இதுவல்ல. அதன் வளையத்தில் ஓரிடம் காலியாக இருக்கிறது. அல்பாவில் அந்த இடம் அடைபட்டுக் கிடக்கும். அழற்சியின்போது உடலில் உண்டாகும் நைதரசன் ஒட்சைட்டு வகைகளை அந்தக் காலி இடத்தில் காமா பிடித்துவைக்கிறது. 1997-இல் பேர்க்லியிலிருந்தே வந்த ஆய்வு ஒன்று இதைச் சொல்லி, இரண்டும் ஒன்றுக்கொன்று துணை என்று எழுதியது. காமாவை ஓரங்கட்டிய ஊரே அதற்கு வக்காலத்து வாங்க 60 ஆண்டு எடுத்தது.

இப்போது இந்த வண்டிக்குள் ஒரு 400 அலகுக் குளிசையைப் போடுங்கள். இயற்கை அல்பாவானால் அது 268 மில்லிகிராம், அதாவது நாளின் தேவையைப்போல் ஏறத்தாழ 18 மடங்கு. ஈரலின் வாசலில் அல்பா குவிகிறது. இடம் முழுவதும் அதற்கே போய்விடுகிறது, மிஞ்சியவற்றை நறுக்கும் வேலையும் வேகம் பிடிக்கிறது. இரத்தத்தில் அல்பா ஏறுகிறது, காமா விழுகிறது. 1985-இலேயே ஹான்டில்மன் குழு இதை மனிதரில் அளந்து வெளியிட்டது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் புகைக்காத 184 பேருக்கு நடத்திய இரண்டு மாத ஆய்வு 2003-இல் வெளியானது; நாள்தோறும் 400 அலகு எடுத்தவர்களின் இரத்தத்தில் காமா 58 வீதம் குறைந்தது. டெல்ராவும் குறைந்தது. ஒட்சியேற்ற எதிரியைக் கூட்டத்தான் குளிசை; கூடியது ஒருவர், பாதிக்கு மேல் குறைந்தது இன்னொருவர்.

இனி ஒன்ராறியோ. வெள்ளவத்தைப் போத்தல்கள் அங்கிருந்து வருவதில் ஒரு வேடிக்கை உண்டு. விற்றமின் ஈ மோகம் எழுந்ததும் அங்கேதான். ஒன்ராறியோ மாகாணத்தின் லண்டன் நகரில் எவன் ஷூட், வில்பிரிட் ஷூட் என்ற சகோதர வைத்தியர்கள் 1940-களில் இதய நோயாளிகளுக்கு விற்றமின் ஈயைப் பெருமளவில் கொடுக்கத் தொடங்கினார்கள். 1946-இல் நேச்சர் இதழில் ஒரு சிறு குறிப்பும் வந்தது. மருத்துவ உலகம் முகத்தைத் திருப்பிக்கொண்டது; சனம் குளிசையை வாங்கிக்கொண்டது. 1993-இல் அமெரிக்கத் தாதியரையும் ஆண் சுகாதாரப் பணியாளரையும் ஆண்டுக்கணக்கில் கவனித்த இரண்டு பெரிய ஆய்வுகள், விற்றமின் ஈ எடுப்பவர்களுக்கு இதய நோய் குறைவு என்று சொன்னபோது, ஷூட் சகோதரர்கள் சொன்னது சரிதான் போலும் என்றாயிற்று. குளிசை எடுப்பவர்கள் உடம்பைப் பார்த்துக்கொள்பவர்களாகவும் இருந்தார்கள் என்பதை அன்று பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு.

அந்த நம்பிக்கை உடைந்ததும் ஒன்ராறியோவிலேயே. ஹமில்ரன் நகரின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில், கேரளத்தில் பிறந்து பெங்களூரில் மருத்துவம் படித்த சலீம் யூசுப் நடத்திய ஹோப் ஆய்வு 2000-இல் வெளியானது. 55 வயதுக்கு மேற்பட்ட, இதய ஆபத்துள்ள 9,541 பேர், நாளுக்கு 400 அலகு, நாலரை ஆண்டு. குளிசை எடுத்தவர்களுக்கும் வெறுங்குளிசை எடுத்தவர்களுக்கும் இதயத்தில் எந்த வேறுபாடும் இல்லை. தொடர்ந்து பார்த்தபோது, 2005-இல், குளிசைப் பக்கத்தில் இதயச் செயலிழப்பு சற்றுக் கூடுதலாகவே தெரிந்தது. 2011-இல் செலக்ட் ஆய்வு இன்னும் கடுமையான செய்தியைக் கொண்டுவந்தது: 35,533 ஆண்களில் விற்றமின் ஈ மட்டும் எடுத்தவர்களுக்குப் புரொஸ்ரேட் புற்றுநோய் 17 வீதம் கூடுதல். அவர்களின் இரத்தத்திலும் காமா ஏறத்தாழ பாதியாக இறங்கியிருந்தது.

காமா விழுந்ததுதான் இதற்கெல்லாம் காரணமா? அப்படி நிறுவப்படவில்லை. காமாவைக் கூட்டினால் நோய் குறையும் என்றும் நிறுவப்படவில்லை. ஒருவரை மட்டும் தூக்கிக் கொடுத்தால் இரத்தத்தின் கணக்கு மாறுகிறது என்பது உறுதி. அந்த மாற்றத்தின் விலை என்ன என்பதில்தான் வாதம்.

இலங்கையில் இந்தக் குளிசைக்கு வந்த வரவேற்பு நேர்கோட்டில் போகவில்லை. 1971-இல் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே, எஸ்.ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து எழுதிய அறிக்கையின் வழியே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. நாட்டுக்குள் வந்துகொண்டிருந்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மருந்துகளைப் பிபிலேயின் குழு சுமார் 600 ஆக வெட்டியது. ஒரே பொருள் பல வியாபாரப் பெயர்களில் விற்பதுதான் அவருக்குப் பிடிக்காத முதல் விடயம்; போத்தலின் பெயரைக் கேட்காதே, உள்ளே என்ன இருக்கிறது என்று கேள் என்று ஒரு தலைமுறை வைத்தியர்களைப் பழக்கினார். 1977-இல் அவர் கயானாவில் இறந்தார். அதே ஆண்டு பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. இறக்குமதிப் போத்தல்கள் மறுபடி வந்தன. காலி வீதியின் பாமசிகளில் கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் பொன்னிறமாய் மினுங்கும் ஈ குளிசைகள் ஓர் அழகுப் பொருளின் தோரணையோடு நின்றன.

சட்டத்துக்கும் இவற்றை எங்கே வைப்பது என்பதில் சிக்கல் உண்டு. 2015-இன் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை, மருந்தும் அல்லாத உணவும் அல்லாத இப்படியானவற்றை எல்லைக்கோட்டுப் பொருட்கள் என்று ஒரு வகுப்பில் வைக்கிறது. நல்ல பெயர். ஆனால் சூட்கேசில் வரும் போத்தலுக்கு எந்த எல்லைக்கோடும் தெரியாது. இரத்த உறைவைக் குறைக்க வாஃபரின் எடுக்கும் இதய நோயாளி ஒருவர் அதோடு பெரிய அளவு விற்றமின் ஈயும் எடுத்தால் இரத்தம் உறைவது மேலும் தளரும். ஆனால் கிளினிக்கில் "என்னென்ன மருந்து எடுக்கிறீங்கள் ஐயா?" என்று கேட்டால், மகள் அனுப்பியதை அவர் மருந்து என்று எண்ணிச் சொல்வதில்லை.

இடையில் 2021 ஓர் எண்ணெய் ஆண்டாக வந்து போனது. மார்ச்சில் இறக்குமதித் தேங்காயெண்ணெயில் அஃப்ளடொக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருந்ததாகப் பெரிய பரபரப்பு. ஏப்ரலில் பாமொயில் இறக்குமதிக்குத் தடை. எந்தப் போத்தலில் என்ன இருக்கிறது என்று கொழும்புச் சனம் முழுக்கக் கேட்ட அபூர்வமான சில வாரங்கள் அவை. தேங்காயெண்ணெய்க்கும் அதன் சொந்தக் காவல் உண்டு என்பதைக் களனிப் பல்கலைக்கழகத்தில் கபில செனவிரத்ன முன்பே காட்டியிருந்தார்: தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுக்கும் பழைய முறை எண்ணெயில், கொப்பராவில் பிழிந்த எண்ணெயைவிட ஒட்சியேற்றத்தை எதிர்க்கும் பினோல் பொருட்கள் கூடுதல். விற்றமின் ஈ என்ற கட்டத்தில் பூச்சியம் போட்ட எண்ணெய், வேறொரு கட்டத்தில் மதிப்பெண் வாங்கிவிட்டது.

நல்லெண்ணெய் வாங்கிய மதிப்பெண் அதைவிட வினோதமானது. ஹவாயில் ஒரு சிறு பரிசோதனை 2001-இல் வெளியானது. காமா சம அளவில் இருக்கும்படி கணக்குப் பார்த்து, சிலருக்கு எள்ளு, சிலருக்கு வால்நட், சிலருக்கு சோயா எண்ணெய் சேர்த்த மஃபின்களைக் கொடுத்தார்கள். மூன்றே நாள், ஆட்களும் பத்துப்பேருக்குள்தான். எள்ளு தின்றவர்களின் இரத்தத்தில் மட்டும் காமா 19 வீதம் ஏறியது. மற்ற இரண்டிலும் இருந்த காமா வந்த வழியே போய்விட்டது. காரணம் காமாவில் இல்லை, எள்ளில் கூடவே இருக்கும் செசமின் என்ற பொருளில் இருக்கிறது. ஈரலில் காமாவின் வாலை நறுக்கும் நொதியை அது தடுத்து நிறுத்துகிறது. வாசல்காரன் வெளியே அனுப்பப் பார்க்கும் ஆளை, கூட வந்த நண்பன் கையைப் பிடித்து உள்ளே இருத்திவிடுகிறான் என்று வைத்துக்கொள்ளலாம். ஆட்கள் குறைவான பரிசோதனை, அதன் மேல் மாளிகை கட்டக்கூடாது. என்றாலும் குளிசை செய்வதற்கு நேர்மாறான வேலை செய்யும் ஓர் உணவு, அம்மம்மாவின் எள்ளுப்பாகுப் பெட்டிக்குள் இருக்கிறது என்பது வெள்ளவத்தைக்குச் சொல்லத்தக்க செய்தி.

சாமத்திய வீடுகளில் கோதளவு இப்போது பாதியாகிவிட்டது. பச்சை முட்டையால் கிருமி தொற்றும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை வாதாடுகிறது, அந்த வாதம் சரியானதும்கூட. ஆகவே முட்டை அவிந்துவிட்டது, எண்ணெய் களிக்குள் போய்விட்டது. வெளிநாட்டுப் போத்தலுக்கும் வேறொரு வழி திறந்திருக்கிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இளம் பெண்கள் அதை விழுங்குவதைவிடத் தலைக்கு வைப்பதே கூடுதல். சனிக்கிழமை காலையில் நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி, குளிசையின் முனையை ஊசியால் குத்தி, இரண்டு சொட்டை அதற்குள் பிழிந்து, உச்சியிலிருந்து நுனிவரை தேய்த்துவிட்டுத் தோயப் போகிறார்கள்.